ஜீரோ பில் தங்கப்பொண்ணு

நாகமலை புதுக்கோட்டை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. மனு எழுதிக் கொடுப்பதும் என் பிழைப்புதான். எத்தனையோ பேர் வருகிறார்கள், போகிறார்கள். ஆளைப் பார்த்ததும் நான் எழுந்து நிற்பது தங்கப்பொண்ணக்காவுக்கு மட்டும்தான். மரியாதை ஒன்றுமில்லை, பயம்.

அக்காவுக்கு அறுபது இருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இளவயதில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து ஒரு ஜோடிக் கல்லுக் கம்மல் வாங்கியவர். இப்போது பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலை. வீட்டில் ஒரு டியூப்லைட், ஒரு ஃபேன், அவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பதால் அவருக்குக் கரண்டு பில் எப்போதும் ஜீரோ. அந்த ஜீரோவில் அவருக்கு ஏகப் பெருமை.

போன வருஷம் வைகாசியில், ஜீரோ வரவேண்டிய இடத்தில் ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய் வந்தது. மீட்டர் தறிகெட்டு ஓடியிருக்கிறது என்று எந்த மடையனுக்கும் தெரியும். கரண்டு ஆபீஸ் அதிகாரிக்கு மட்டும் தெரியவில்லை. "மொதல்ல பணத்தக் கட்டுங்கம்மா, பெறகு மனுக் குடுங்க. இல்லேன்னா பியூஸப் புடுங்கிருவாங்க" என்றார். அக்கா கம்மலை அடகு வைத்துக் கட்டினார். காது தூர்ந்துவிடக் கூடாதென்று ஓட்டையில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

மனுவை நான்தான் அடித்தேன். இதற்கென்றே கம்ப்யூட்டரில் ஒன்று தயாராகக் கிடக்கிறது, பேரையும் சர்வீஸ் நம்பரையும் மாற்றினால் போதும். கடைசி வரி இது: 'கூடுதலாகக் கட்டிய தொகையை இனி வரும் பில்களில் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.' எல்லோருக்கும் அப்படித்தான் போடுவேன். அக்கா எழுதப் படிக்கத் தெரியாதவர். என்னை நம்பிக் கைநாட்டு வைத்தார்.

மீட்டரைச் சோதித்தார்கள், கோளாறு என்று ஒப்புக்கொண்டார்கள். அடுத்த பில்லைத் தூக்கிக்கொண்டு அக்கா ஓடி வந்தார்.

"எம்புட்டுக் கழிஞ்சிருக்கு, பாரு."

பார்த்தேன். ஒரு பைசா கழியவில்லை. ஜீரோ பில்லில் எதைக் கழிப்பார்கள்? அப்போதுதான் எனக்கே உறைத்தது.

நானும் கூடவே ஆபீஸுக்குப் போனேன். அதிகாரி குனிந்த தலை நிமிரவில்லை.

"ஒங்க பணம் எங்கயும் போகலம்மா. கணக்குல பத்திரமா இருக்கு."

"பத்திரமா வைக்கவா ஒன்கிட்ட குடுத்தேன்? வர்ற வைகாசிக்குள்ள திருப்பலேன்னா என் கம்மலு ஏலத்துக்குப் போயிரும்யா."

"சம்மதம்னு நீங்கதான கைநாட்டு வச்சிருக்கீக? அம்புட்டு அவசரம்னா ஒரு ஏசி வாங்கி மாட்டுங்க. சீக்கிரம் கழிஞ்சிரும்."

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் அக்கா அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அந்த வரிய நீ எனக்கு வாசிக்கலயே."

அதற்கப்புறம் அவர் கடைப்பக்கம் வரவில்லை. எதிரே பஸ்ஸுக்கு நிற்கும்போது "அக்கா" என்று கூப்பிட்டால் வாய்க்கு வந்தபடி வைது, காறித் துப்பிவிட்டுத் திரும்பிக்கொள்வார். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். நான் வசவு வாங்கியதெல்லாம் அக்காவின் தமிழில்தான்.

அக்காவுக்கு வழி சொன்னவர் ஒயர்மேன் முத்திருளன்; பிறகு ஆபீஸில் நடந்ததை எனக்குச் சொன்னவரும் அவர்தான். இணைப்பே வேண்டாமென்று ஒப்படைத்துவிட்டால், டெபாசிட்டோடு மிச்சப் பணத்தையும் கையில் கொடுத்தாக வேண்டுமாம். மாசியில் அக்கா ஆபீஸில் போய் நின்றார்.

"என் வீட்டுக் கரண்ட நீயே வச்சுக்க. பணத்தக் குடு."

அன்றைக்குத்தான் அதிகாரி தலை நிமிர்ந்தார். "வெயிலு வருதேம்மா, எப்படி இருப்பீக?"

"அந்தக் கவல ஒனக்கு எதுக்கு?"

மீட்டரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தகரக் கூரை வீடு. பங்குனியும் சித்திரையும் அவரை வேகவைத்தன. உடம்பெல்லாம் வேர்க்குரு. அவருடைய காகிதமோ மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தது. அக்கா விடவில்லை. தினமும் மத்தியான வேலை முடிந்ததும் ஆபீஸுக்குப் போய், அதிகாரியின் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கேட்டால், "காத்து வாங்க வந்தேன்" என்பார். ஆபீஸ் பூட்டும்போதுதான் எழுந்திருப்பார். ஏலத்துக்கு நாலு நாள் இருக்கையில் பணம் வந்து சேர்ந்தது.

போன வாரம் என் கடை வாசலில் வந்து நின்றார். காதில் கம்மல். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"புதுக் கரண்டுக்கு எழுது."

அடித்தேன். காசு வேண்டாம் என்றேன். பத்து ரூபாய்க் காசை மேஜைக் கண்ணாடி மேல் டங்கென்று வைத்தார்.

"ஓசியில எழுதித்தான ஏமாத்தப் பாக்குற? காச எடு. எடுத்துட்டு வாசி."

வாசித்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது தரமும் வாசித்தேன். பெருவிரலை மையில் தொட்டவர், காகிதத்துக்கு மேலே அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"வாசிச்சுக் காட்டுனது நீதான்னு கீழ எழுது. எழுதிக் கையெழுத்துப் போடு."

'வாசித்துக் காட்டியவர்: ராஜாராம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் விரலை வைத்தார்.