மனப்பாடமாக வாசித்தவள்

நாரந்தனையில் எங்கள் வேதக்கோயிலில் மாலைப் பூசைக்கு பைபிள் வாசகம் வாசித்துவந்தவள் நான். அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது. வெளிச்சம் மங்கினால் என் கண்ணுக்குத் தாளில் எழுத்தே இருக்காது. அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. மத்தியானமே வாசகத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய், புத்தகத்தைப் பார்ப்பதுபோல் நின்று ஒப்புவிப்பேன். என்ன தெளிவான வாசிப்பு என்று சனம் மெச்சும். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான்.

திருநாளுக்கு முந்தின ஒன்பது நாள் நவநாளில் ஒருநாள், பங்குச் சுவாமியார் வாசகத்தை மாற்றிவிட்டார். எனக்குத் தெரியாது. வேறு பக்கம் திறந்திருக்க, நான் பழையதையே முழுதாக ஒப்புவித்தேன். முன்வரிசைச் சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பூசை முடிய, சுவாமியார் அந்தப் பக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னார். ஓர் எழுத்தும் தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் அன்று பிடிபட்டேன்.

சத்துக் குறைவு என்று அம்மா தீர்மானித்தா. கடலுக்குப் போகிற வீட்டில் சுறா ஈரல் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. மூன்று மாதம் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தேன். நாற்றம்தான் மிச்சம். நேரத்தோடு வாயைத் திறக்காததற்கு இன்றும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

யாழ்ப்பாணத்தில் கண் வைத்தியர் துளிமருந்து விட்டு (கண்மணியை விரிக்கும் மருந்து; சில மணித்தியாலம் கூச்சமும் மங்கலும் இருக்கும்) பார்த்தார். வேறு சோதனைகளும் செய்தார். விழித்திரைச் சிதைவு (கண்ணின் பின்புறம் ஒளியை வாங்கும் படலம் மெல்லமெல்லப் பழுதாவது) என்றார். பரம்பரையாக வருவதாம். எண்ணெயாலும் மாறாது, கண்ணாடியாலும் மாறாது. எவ்வளவு காலத்தில் எவ்வளவு பார்வை போகும் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"கூடப்பிறந்த ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டார்.

"ஒரு தம்பி. விடிய முன்னம் கடலுக்குப் போறவன்."

"அவரையும் கூட்டிக்கொண்டு வாரும்."

என் கண்ணைப் பற்றிச் சொன்னபோது வராத பயம் அப்போது வந்தது. தம்பி முதலில் சிரித்தான். பிறகு இரண்டு கிழமை ஏதேதோ சாட்டுச் சொன்னான். அந்த நாட்களில், அவனுடைய வள்ளம் கரைக்கு வரும்வரை நான் கடற்கரையிலேயே நிற்பேன். கடைசியில் அம்மா அழுத பிறகுதான் வந்தான்.

உங்களுக்கும் மங்கலில் எழுத்து மறைகிறதென்றால், என்னைப்போல் கெட்டித்தனம் காட்டாமல் சொல்லிவிடுங்கள். கூடப்பிறந்தவர்கள் வரமாட்டோம் என்றால் இழுத்துக்கொண்டு போங்கள்.

தம்பிக்கு ஒன்றுமில்லை. வைத்தியர் சொன்னதும் நான் அழுதுவிட்டேன். சந்தோசம்தான். ஆனால் படியிறங்க முன்னரே எரிச்சலும் வந்தது. ஒரே வயிற்றில் பிறந்தோம், அவனுக்கு மட்டும் நல்ல கண். அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன், ஆனாலும் நினைத்தேன்.

பஸ் நிலையத்தில் மாலை வெயில் முகத்தில் அடித்தது. சோதனைக்கு மருந்து விட்ட தன் கண் கூச, தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வருகிறது எந்த பஸ் என்று அவனுக்குத் தெரியவில்லை. பெயர்ப்பலகையை நான் வாசித்துச் சொன்னேன்.

"உனக்கு வடிவாத் தெரியுதோ அக்கா?"

"ஓம். பொழுதுபடும்வரை, இன்னும் ஒரு மணித்தியாலத்துக்குத் தெரியும்."