மூன்று சுற்று முடிச்சு

வெள்ளைக்காரர்கள் மாதம் ஒருமுறை வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. அருப்புக்கோட்டையில், வெளிநாட்டுக்குத் துண்டு அனுப்பும் தறி ஷெட் ஒன்றில் என் சித்தி மேஸ்திரியாக இருந்தாள். துண்டின் ஓரத்து நூல்களைச் சேர்த்துக் குஞ்சமாக முடிவது எங்கள் வேலை. பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பெண்பிள்ளைகள் ஏழு பேர் இருந்தோம். எல்லோரும் இரண்டு சுற்று சுற்றி முடிவார்கள். நான் மட்டும் கடைசிக் குஞ்சத்துக்கு மூன்று சுற்று போடுவேன். கர்வம்தான், வேறென்ன.

சரக்கு வாங்குகிறவர்கள் ஷெட்டைப் பார்க்க வந்த அன்று, முதலாளி எங்களைச் சித்தியோடு வேனில் ஏற்றித் திருச்சுழி கோயிலுக்கு அனுப்பிவிட்டார். ஆளுக்கொரு சிவப்பு ரிப்பன், புளியோதரைப் பொட்டலம். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. எதற்கு இந்தத் திடீர்ப் பாசம் என்று நாங்கள் கேட்கவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா?

வந்தவர்களுக்குக் கோயில் பார்க்கும் ஆசையும் வரும் என்று முதலாளி நினைக்கவில்லை. சாயங்காலம் கார் வந்து நின்றது. இறங்கிய வெள்ளைக்கார அம்மாள் வெயிலுக்குத் தலையில் எங்கள் துண்டைப் போட்டிருந்தாள். ஓரத்தில் என் மூன்று சுற்று.

"அங்கிட்டு யாரும் போகக் கூடாது," என்று சித்தி என் பாவாடையைப் பிடித்தாள். நழுவி ஓடினேன்.

"இது நான் முடிஞ்சது."

கூட வந்த மொழிபெயர்ப்பாளர் சிரித்தார். "சும்மா சொல்லாத பாப்பா."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. குஞ்சத்தை அவிழ்த்து, கண்மூடித் திறப்பதற்குள் திரும்ப முடிந்து காட்டினேன். அம்மாள் என் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். நூல் அறுத்த கோடுகள் இருந்தன. ஏதோ கேட்டாள்.

"ஒனக்கு என்ன வயசுன்னு கேக்குறாக." அவர் இப்போது சிரிக்கவில்லை.

சொன்னேன். அம்மாளின் கண் கலங்கிவிட்டது.

ஷெட்டுக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர் அடுத்த வாரமே நின்றது. ஏழு பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள், சித்தியையும்தான். எங்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒருவரும் வரவில்லை. நான் பந்தல்குடிப் பக்கம் பருத்தி எடுக்கப் போனேன். சித்தி ஒரு வருடம் என்னோடு பேசவில்லை.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அந்த அம்மாள் என் முடிச்சைப் பார்த்தாள், அழுதாள், துண்டு வேண்டாம் என்றுவிட்டாள். முடிச்சில்தான் ஏதோ குறை. பருத்திக் காட்டில் சாக்கு நூலை உருவி வைத்துக்கொண்டு, முடிச்சு சரியாக வரும்வரை முடிந்து முடிந்து பார்த்தேன்.