பந்தியில் அக்காவுக்குப் பக்கத்து இடம்

எங்கள் அக்கா கர்த்தருடைய சமுகத்துக்குப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், சைதாப்பேட்டை சபையாருக்கும், நொச்சிக்குப்பத்து அக்கம்பக்கத்தாருக்கும் என் ஸ்தோத்திரமும் வணக்கமும். நான் பத்தாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. என் மகள்தான், "அத்தையப் பத்தி நீதான்ப்பா எழுதணும், வேற யாரும் எழுதக்கூடாது" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது சபையாருக்குத் தெரியும். குப்பத்தாருக்குத் தெரிந்திருக்காது. அவர்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது சைதாப்பேட்டையில், அடையாற்றங்கரை ஓரத்துக் குடிசையில். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார்கள். அம்மாவுக்கு இளைப்பு நோய். அக்கா எட்டாவது படிக்கும்போது அப்பா இறந்துபோனார்கள். அடுத்த வாரமே அக்கா பள்ளிக்கூடப் பையை என் தோளில் மாட்டிவிட்டு, தியாகராய நகரில் ஒரு தையற்கடைக்கு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துத் தைக்கும் வேலைக்குப் போனார்கள். மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் இடிபட்டு வீட்டுக்கு வந்து, அம்மாவுக்கு வெந்நீர் வைத்து, எனக்குச் சோறு போட்டு, அதன்பிறகுதான் உட்காருவார்கள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளி. தீபாவளி, கிறிஸ்மஸ் மாதங்களில் அந்த விரலால் உப்பைத் தொடக்கூட மாட்டார்கள், அவ்வளவு எரியும்.

அக்கா உழைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். தனக்குத் தெரிந்த புடவைக்கடையில் சொல்லி எனக்கு விற்பனையாளர் வேலை வாங்கிக் கொடுத்ததும் அக்காதான். என் கல்யாணத்தைக் கோயிலில் வெள்ளைப் புடவையும் முக்காடுமாகப் பெண்ணை நிறுத்தி நடத்தியதும் அக்காதான். அக்காவுக்கு வந்த வரன்கள் எல்லாம் ஏதாவது காரணம் சொல்லித் தட்டிப்போயின. அம்மா இருந்தவரை அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நானும் பேசாமல் இருந்தேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அம்மா போன பிறகு அக்கா ஒருவரோடு வாழப் போனார்கள். நொச்சிக்குப்பத்தில் கட்டுமரம் வைத்திருந்தவர். ரோட்டோரம் மீன் வாங்கப் போய்ப் பழக்கம். அவருடைய மனைவி பல வருஷங்களுக்கு முன்னால் அவரை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். முறைப்படி தீர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே அக்காவுக்கும் அவருக்கும் தாலி இல்லை, கோயில் இல்லை, ஒரே வீடு மட்டும்தான். அவரை நான் இப்போது மாமா என்று எழுதுகிறேன். அந்த நாட்களில் "அந்த ஆள்" என்றுதான் சொல்லுவேன்.

சபைக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து உண்டு. இயேசு நமக்காகச் சாவதற்கு முன்பு சீஷர்களோடு உண்ட கடைசிப் பந்தியை நினைத்து, பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழங்காற்படியிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குவோம். அந்த ஒரு வரிசையைப் பந்தி என்றே சொல்லுவோம். ஒரு குடும்பம் ஒரே பந்தியில் போவதுதான் வழக்கம். ஆயர் ஆசீர்வாதம் சொன்ன பிறகுதான் பந்தி எழுந்திருக்கும். விவாகம் இல்லாமல் வாழ்கிறவர்கள் மனந்திரும்பிச் சீர்ப்படும்வரை அந்தப் பந்திக்கு வரக்கூடாது. இது சபை ஒழுங்கு. ஆயர் அக்காவின் வீடு தேடிப் போய்ப் பக்குவமாகத்தான் சொன்னார். அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "நான் செஞ்சது சரின்னு சொல்ல மாட்டேன் பாஸ்டர். ஆனா அவர உட்டுட்டும் வர முடியாது. கோயிலுக்கு வரலாமில்ல?" என்றார்களாம். வரலாம் என்றார் ஆயர்.

வந்தார்கள். கடைசி பெஞ்சில் உட்காருவார்கள். திருவிருந்து தொடங்கியதும் எழுந்து வெளியே பூவரச மரத்தடிக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தைக்காரிகள் பந்திக்குப் போகும்போது பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவது அப்படியே பழக்கமாகிவிட்டது. இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. நம் சபையில் இன்று கல்யாணம் ஆகி நிற்கிற பாதிப் பேர் அந்த மரத்தடியில் அக்காவின் தோளில் எச்சில் வடித்தவர்கள்தான்.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது என் மனைவியும் அப்படித்தான் கொடுக்கப் போனாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அந்தக் கையில கொடுக்காத" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

அக்கா சிரித்தார்கள். "இன்னாடா நைனா, இந்தக் கைதானடா உனுக்கு மூக்கு சிந்தி உட்டுது? அப்ப நல்லா இருந்திச்சா?" என்றார்கள். என் மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அது பந்தி முழுக்க வீறிட்டு அழுதது.

விவாகம் பரிசுத்தமானது, கர்த்தர் ஏற்படுத்தியது. அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. அக்காவுக்கும் இருந்ததில்லை. ஆனால் பாவம் என்று சொன்னால் என் கண்ணுக்கு அக்கா வீடு மட்டும்தான் தெரிந்தது. நான் காலை முதல் இரவு வரை பெண்களுக்குப் புடவை விரித்துக் காட்டுகிறவன். "தோள்ல போட்டுப் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டு என் கண் எங்கே போனது, மனது எங்கே போனது என்று கர்த்தருக்குத் தெரியும். பார்வையிலேயே பாவம் உண்டு என்று இயேசு சொன்னதைச் சின்ன வயதிலேயே ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். என் மனைவியும் மகளும் படிக்கிற புத்தகம், இதற்கு மேல் எழுதவில்லை. அத்தனையையும் வைத்துக்கொண்டு ஒரு மாதம்கூடத் தவறாமல் முதல் பந்தியில் முழங்காற்படியிட்டேன். என்னை வெளியே நில் என்று யாரும் சொல்லவில்லை. என்னுடையது கண்ணுக்குத் தெரியாத பாவம், அக்காவுடையது தெரிந்த பாவம். வித்தியாசம் அவ்வளவுதான்.

பல வருஷங்கள் கழித்து மாமாவின் முதல் மனைவி ஊரில் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மாமா ஏற்கெனவே ஆலயத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். ஒரு வாரநாள் சாயங்காலம், வெள்ளைப் புடவையும் பாடகர் குழுவும் இல்லாமல், கோயிலில் இருவருக்கும் விவாகம் நடந்தது. அக்கா அப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். தினமும் கல்யாணப் பெண்களுக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிற நான் என் அக்காவுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுக்கவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை, கடையில் கூட்டம் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கடுத்த முதல் ஞாயிறு. ஆயர் அக்காவை மீண்டும் பந்திக்கு ஏற்றுக்கொள்வதாக அறிவித்தார். சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. நான் முதல் பந்தியில் முழங்காற்படியிட்டிருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து மண்டியிடும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அக்கா. அத்தனை வருஷம் கழித்து முதன்முறையாக வருகிறவர்கள், குடும்பத்தோடு ஒரே பந்தியில் வரவேண்டும் என்று தேடி என் பக்கத்தில் வந்திருந்தார்கள். அக்காவுக்கு அந்தப் பக்கம் மாமா.

நான் எழுந்தேன். ஆயர் அப்பத்தட்டோடு இரண்டு பேர் தள்ளி நிற்கிறார். எழுந்து பின்னால் நடந்து, அடுத்த பந்திக்குக் காத்திருப்பவர்களோடு போய் நின்றுகொண்டேன்.

நம் ஊரில் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர் இலையைவிட்டு எழுந்து போனாலே பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஆயுசுக்கும் அவமானம். நான் கர்த்தருடைய பந்தியிலிருந்து எழுந்தேன். ஆயர் வரும்படி அழைத்த ஒருவரை, நான் யார் வேண்டாம் என்பதற்கு?

அக்கா அன்று வாங்கிவிட்டுத்தான் எழுந்தார்கள். ஆனால் அடுத்த மாதத்திலிருந்து மறுபடியும் பூவரச மரத்தடிக்கே போய்விட்டார்கள். ஆயர் கூப்பிட்டார். சபைப் பெண்கள் கூப்பிட்டார்கள். "கொழந்தைங்கள யாரு பாத்துப்பா? நீங்க போங்க" என்று சொல்லிவிடுவார்கள். சபை திறந்த கதவை நான் ஒருவன் அடைத்துவிட்டேன். அதைப் பார்த்தும் பார்க்காதவன் போல் வருஷக்கணக்கில் காணிக்கைப் பை தூக்கினேன்.

போன வருஷம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி. டாக்டர்கள் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். என் மகள், அன்று அழுத அதே குழந்தை, அதற்குள் வளர்ந்து, எனக்குத் தெரியாமல் அத்தை வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தவள், என் முன்னால் வந்து நின்றாள். "அத்தைக்கு முடியலப்பா. சாயங்காலம் பாஸ்டர் திருவிருந்து எடுத்துக்கினு போறாரு. நீ வரியா, இல்ல நான் மட்டும் போவட்டா?"

போனேன். குப்பத்தில் மூன்றாவது மாடி வீடு. மாமா வாசலிலேயே நின்றிருந்தார். "வா மச்சான்" என்றார், ஏதோ நேற்று வந்து போனவனை அழைப்பது போல. உள்ளே அக்கா கட்டிலில் பாதியாகக் கிடந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் தன் குழந்தையோடு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆயர் அப்பத்தை எடுத்து வைத்ததும் குழந்தை சிணுங்கியது. நான் குழந்தையை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தேன்.

"எங்கடா போற?" அக்காவின் குரல்.

"வெளிய நிக்கறேன்க்கா. எனக்கு அருகத இல்ல."

"அருகத பாத்தா யாருடா உள்ள கீறது? பாஸ்டரே வெளியதான் நிக்கணும்." ஆயர் சிரித்துவிட்டார். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் இருந்து சொன்னார்கள்: "நானும் வெளிய நின்னவதான், எனுக்குத் தெரியும். மொதல்ல அழுகையா இருக்கும். அப்பால அதுவே பெருமையா பூடும். நீ எழுந்து போனப்புறம் கொழந்தைங்கன்னு சொன்னது சாக்குடா. வைராக்கியம். இவன் எழுந்தா எழுந்துக்கட்டும்னு ஏசப்பாவப் பாத்து முட்டி போட்டுக்கினு இருந்திருக்கணும். அது என் பாவம். சொல்லிட்டேன். வா, வந்து முட்டி போடு."

மாமா குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "போ மச்சான். நான் ரெண்டாவது பந்தி."

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் முழங்காற்படியிட்டேன். அப்பம் வாங்கினேன், ரசம் வாங்கினேன். ஆயர் ஆசீர்வாதம் சொல்லி முடித்தும் என்னால் எழ முடியவில்லை. அக்காவின் கை என் தலைமேல் வந்தது. "இன்னா, இன்னிக்கி எழுந்து போவலியா?" என்றார்கள். மன்னித்துவிடு என்று சொன்னேன். "ஆச்சி ஆச்சி, சொல்லிட்ட இல்ல" என்றார்கள்.

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு நன்றாக இருக்கும். முடிக்க முடியாது.

நான் புறப்படும்போது அக்கா மாமாவைக் கூப்பிட்டு, "இவனுக்கு ஒரு தட்டு போடுய்யா. எங்கூட்ல இவன் கை நனைச்சதே இல்ல" என்றார்கள். மாமா வைத்த வஞ்சிர மீன் குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கும் பசிதான். ஆனால் அது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நோன்பு நாள். ஈஸ்டர்வரை மீனும் இறைச்சியும் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டிருந்தேன். "லெந்து நாள்க்கா. ஈஸ்டர் முடிஞ்சி வந்து சாப்புடறேன்" என்றேன். அக்கா ஒன்றும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "சரிடா. ஈஸ்டர் அன்னிக்கி வா. வஞ்சிரமே வாங்கி வெக்கச் சொல்றேன்" என்றார்கள்.

ஈஸ்டருக்கு முன்பே அக்கா போய்விட்டார்கள்.

நான் நோன்பைக் காத்துக்கொண்டேன். அக்காவிடமிருந்து ஒரு பிடி சோற்றை வாங்கவில்லை. அக்கா என்னைக் கர்த்தருடைய பந்தியில் உட்காரவைத்த கையோடு அக்காவின் பந்தியிலிருந்தும் எழுந்துவிட்டேன், அதுவும் பக்தியின் பேரால். கிறிஸ்து என் பாவங்களை மன்னித்திருக்கிறார் என்று விசுவாசிக்கிறேன். நோன்பினால் அல்ல, தவறாமல் பந்திக்குப் போனதால் அல்ல, அவருடைய இரத்தத்தினால் மட்டும்தான் இரட்சிப்பு. அக்காவுக்கும் அதுதான், எனக்கும் அதுதான். இரண்டு பேருக்கும் இரண்டு சிலுவை இல்லை. விசுவாசிக்கிறேன். ஆனாலும் மீன் குழம்பு வாசனை வரும்போது இன்னும் சோறு இறங்குவதில்லை.

அக்காவைத் தூக்கித் துடைத்துப் பார்த்துக்கொண்ட குப்பத்துச் சகோதரிகளுக்கு நன்றி. நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவர்களாயினும், நான் செய்ய வேண்டியதை நீங்கள் செய்தீர்கள். அன்றைய கோடை மழையில் கல்லறைத் தோட்டம்வரை வந்த சபை வாலிபருக்கு நன்றி. கடைசிவரை அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்த ஆயருக்கு நன்றி. எனக்குத் தெரியாமல் குழந்தையை அத்தையிடம் அனுப்பி வளர்த்த என் மனைவிக்கு நன்றி. அதை இப்போதுதான் சொன்னாள். மாமா, உங்களுக்கு என்ன சொல்லுவது? நேரில் வந்து சொல்லுகிறேன்.

முதலாண்டு நினைவு ஜெபம் குப்பத்து வீட்டில் நடக்கும். முடிந்ததும் மொட்டைமாடியில் சாப்பாடு. மாமாதான் சமைக்கிறார். லெந்து நாளில்தான் வருகிறது, தெரிந்துதான் அழைக்கிறேன். நோன்பு இருப்பவர்களுக்குத் தனியாகச் சாம்பார் உண்டு, யாரும் சங்கடப்பட வேண்டாம். நான் முதல் பந்தியில் மீன் குழம்புக்கு உட்காருவேன். என் பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் எழுந்து போகமாட்டேன்.