அக்கா கொடுத்த நம்பர்

எங்க நூலகத்துல கம்ப்யூட்டர் மேஜையில உட்கார்ற அம்மாவுக்கு ஊர் வச்ச பேரு ஃபாரம் அக்கா. அம்பது வயசான நானும் அக்கான்னுதான் கூப்பிடுவேன். நான் புத்தகம் அடுக்கறவன். என் பக்கம் ஒரு ஈ, காக்கா வராது. அவங்க மேஜைக்கு முன்னால மட்டும் காலையிலேயே வரிசை நிக்கும். பென்ஷன், வேலை, ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாம் இப்ப இணையத்துலதானே. நாலு எழுத்து படிச்சவனே அதுல முழி பிதுங்கி நிக்கறான்.

போன் நம்பர் இல்லாம எந்த ஃபாரமும் நகராது. வர்றவங்கள்ல பாதிப் பேர்கிட்ட போன் கிடையாது. "என் நம்பரையே போட்டுடறேன், விடுங்க"ன்னு அக்கா தட்டிவிட்டுடுவாங்க. பன்னெண்டு வருஷமா இதே கதை. கொத்தனாருக்கு வேலை உத்தரவு, சலவைக்காரர் பொண்ணுக்கு காலேஜ் சீட்டு, எல்லாத் தகவலும் அக்கா போனுக்குத்தான் வரும். சாப்பிட்ட கையைக் கழுவிட்டு ஆளைத் தேடிப் போய்ச் சொல்லிட்டு வருவாங்க. நான் தலையில அடிச்சுக்குவேன். அவங்களுக்குன்னு ஒரு அழைப்பு வந்து நான் பாத்ததில்ல. புருஷன் போய்ச் சேந்தாச்சு. பிள்ளை குட்டி கிடையாது.

போன மாசம் அவங்களுக்குப் பித்தப்பையில கல்லு. ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னுட்டாங்க. தன் ஃபாரத்தையும் தானே நிரப்பினாங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நாலு நாள் லீவு, அவ்வளவுதான்.

அன்னிக்குக் காலையில நர்ஸ், "வீட்டாளுங்க ஒருத்தர்கிட்ட பேசிட்டுத்தான் உள்ள கொண்டு போவோம்"னு சொல்லி, ஃபாரத்துல இருந்த நம்பரை அழுத்தியிருக்கா. அக்காவோட தலகாணிக்கு அடியில மணி அடிச்சிருக்கு. பழக்கதோஷம், எடுத்து, "சொல்லுங்க, யாருக்குத் தகவல்?"னு கேட்டிருக்காங்க.

ஆபரேஷன் நடக்கல. திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்த தேதி மூணு வாரம் கழிச்சு. அதுவரைக்கும் வலியைப் பல்லைக் கடிச்சுத் தாங்கணும்.

மறுநாளே வேலைக்கு வந்து, இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

"என் நம்பர் உங்களுக்கு மனப்பாடம்தானே? அதைப் போட்டா என்ன கெட்டுப்போச்சு?"

"முதல்ல அதைத்தான் போட்டேன். பக்கத்துல உறவுன்னு ஒரு கட்டம். நிரப்பாம அடுத்த பக்கம் போக மாட்டேங்குது. நீங்க என்ன நினைப்பீங்களோன்னு அழிச்சிட்டேன்."

பன்னெண்டு வருஷத்துல அவங்க வீடு எந்தத் தெருன்னுகூட நான் கேட்டதில்ல.