குனியச் சொன்ன டில்லி சார்

செவ்வாய்க்கிழமை காலை, டில்லி சாரிடம் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்த நம் வாட்ஸ்அப் குழுவில் வழக்கம்போல அவரவர் இடுப்புக் கருவி காட்டிய கோடுகளைப் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். டில்லி சாரின் எண்ணிலிருந்து படம் வரவில்லை. அவர் மனைவி எழுதிய இரண்டே வரிகள் வந்தன. மாரடைப்பு, போய்விட்டார். நல்ல மனிதருக்கு அப்படி என்ன அவசரம் என்று கோபம்தான் முதலில் வந்தது.

ஆவடியில் அவருடைய பிசியோதெரபி கிளினிக்குக்குத் தீராத முதுகுவலியோடு போனால், முதல் நாளே இடுப்பில் மாட்டும் சின்னக் கருவி ஒன்றைத் தருவார். நடந்தது, உட்கார்ந்தது, குனிந்தது எல்லாவற்றையும் அது குறித்து, போனில் கோடாகக் காட்டும். அதிகம் குனிந்தால் அதிரும். தானும் ஒன்று மாட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கோடு மூன்று மணி நேரம் அசையாமல் கிடக்கும். "கிரிக்கெட்டா சார்?" என்று கலாய்ப்போம். "மறைச்சு இன்னா பண்ணப்போறேன், குந்திகினுதான் இருந்தேன்" என்பார்.

நான் போனபோது என் மகனுக்கு இரண்டு வயது. அவனைத் தூக்கி மாதக்கணக்காகியிருந்தது. கருவி அதிராமல் இருப்பதைப் பரீட்சை போல எடுத்துக்கொண்டேன். கீழே விழுந்ததையெல்லாம் கணவர்தான் எடுத்துக் கொடுத்தார். இரண்டு வாரம் ஓர் அதிர்வுகூட இல்லை. பாராட்டுவார் என்று போனை நீட்டினேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாம்மா இது? நல்லா கீற முதுகு இப்டி இருக்காது. இது பயந்த முதுகு." சற்று யோசித்துவிட்டு, "தப்பு என்னுதுதான், ஒயுங்கா சொல்லல. அது அதிர்ந்தா உன்னத் திட்டல. குனிஞ்சேன்னு சொல்லுது, அவ்ளோதான்" என்றார்.

தரையில் ஒரு துண்டைப் போட்டு எடுக்கச் சொன்னார். என்னால் முடியவில்லை, அழுதுவிட்டேன். அவர் எதிரே நின்று தானும் குனிந்தார். இரண்டு கருவிகளும் அதிர்ந்தன. அன்று துண்டை எடுத்தேன். பிறகு காலிப் பை, அரிசிப் பை என்று மாதங்கள் போயின.

நெமிலிச்சேரியில் அவர் வீட்டு வாசலில், அவர் உடல் வைத்த கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம். குழுவில் இருக்கும் நீங்களும் வந்திருந்தீர்கள். என் மகனுக்கு இப்போது நாலு வயது, எட்டவில்லை. "அம்மா, டில்லி மாமா தெரியல. தூக்கு" என்றான்.

குனிந்தேன். முதுகு வலிக்கத்தான் செய்தது. வலியோடு பிள்ளையைத் தூக்கும் தைரியம், அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அதுதான். அவன் பார்த்து முடிக்கும்வரை இறக்கிவிடவில்லை.