ஆர்லன் புட்கேயின் மூக்கு

ஆர்லன் புட்கேயின் மூக்குக்கு அரசாங்க உரிமம் இருந்தது. விஸ்கான்சினில் அவன் இருந்த வட்டாரத்தில் பதினோரு பண்ணைகளின் பாலை ஏற்றிப்போகும் டேங்கர் லாரி அவனுடையது. பண்ணைக்குள் நுழைந்ததும் முதல் வேலை, பால் குளிரும் தொட்டியின் மூடியைத் தூக்கி மூக்கை உள்ளே விடுவது. மாடு காட்டு வெங்காயம் மேய்ந்ததா, தொழுவ நாற்றம் ஏறியிருக்கிறதா, குழாயைக் கழுவாமல் விட்டதில் பால் புளிக்கப் பார்க்கிறதா என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவான். பிடிக்கவில்லையென்றால் மூன்றே சொல்: "இதை நான் ஏத்தல." அதோடு அந்தத் தொட்டி முழுவதும் சாணக் குட்டைக்குத்தான். இருபத்திரண்டு வருஷத்தில் எதிர்த்துப் பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது.

அவன் மகள் ப்ரின்னுக்குப் பால் ஆகாது. ஆறு வயது. ஒரு சொட்டு உதட்டில் பட்டாலே முகம் வீங்கி மூச்சுக்குழல் அடைத்துக்கொள்ளும். அதனால் ஆர்லன் வேலை முடிந்து வந்தால் கொட்டகையிலேயே உடுப்பைக் கழற்றிப் போட்டு, முழங்கைவரை சோப்புத் தேய்த்துக் கழுவி, வேறு உடுப்பு மாட்டிய பிறகுதான் மகளைத் தூக்குவான். வெளியே பனி முழங்கால்வரை கிடக்கிற ஜனவரியிலும் அப்படித்தான்.

ஊருக்கு இது நல்ல வேடிக்கை. மூன்று தலைமுறையாக மாட்டுக்குப் பின்னால் நின்றவர்கள் என்பதால் பாலைப்பற்றித் தெரியாதது எதுவுமில்லை என்பது அவர்கள் நினைப்பு. அவர்களுக்கு ஒவ்வாமை, படித்தவன் சொல்கிற சொல்லோடு மட்டும்தான். கடைப் பாலைக் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள், மடியிலிருந்து கறந்த சூட்டோடு கொடுத்தால் ஒன்றும் செய்யாது என்று ஒருவர் சொல்வார். தாய்க்காரி வீட்டை ரொம்பத் துடைக்கிறாள், அதனால்தான் என்பார் இன்னொருவர். ஆர்லனின் அக்காள் புருஷன் ஹார்வி ட்ரெப்டோ, நூற்று நாற்பது மாட்டுக்குச் சொந்தக்காரர், பீர்க்கடையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "பால்காரன் புள்ளைக்குப் பால் ஆகலியாம். எதுக்கும் வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்க மச்சான், அது உன் புள்ளதானான்னு." கடை முழுக்கச் சிரித்தது. ஆர்லனும் சிரித்து வைத்தான்.

அக்காள் கார்லா இன்னும் ஒருபடி மேலே. ப்ரின்னுக்கு நாலு வயதாக இருந்தபோது கிறிஸ்துமஸ் விருந்தில், "எல்லாம் பழக்கினாத்தான் பழகும்" என்று, யாரும் பார்க்காதபோது நுரைத்த பாலேட்டை விரல் நுனியில் எடுத்துக் குழந்தையின் நாக்கில் வைத்தாள். இதற்கென்றே கையோடு வைத்திருந்த ஒவ்வாமை மருந்து ஊசியைத் தொடையில் குத்தி, ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் பிள்ளையின் உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் கார்லா சொன்ன விளக்கம் இது: பெற்றவர்கள் கத்திய கத்தலில்தான் பிள்ளைக்கு மூச்சு முட்டியது.

அன்றைக்கும் ஆர்லன் வாயைத் திறக்கவில்லை. அம்மா போன பிறகு அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள். பதினோரு பண்ணையில் செல்லுபடியாகிற மூன்று சொல் அந்த ஒருத்தியின் சமையலறையில் மட்டும் தொண்டையிலேயே நின்றுவிடும். அவன் மனைவி ரெனே கேட்டாள்: "ஊரான் தொட்டிகிட்ட இருக்கற வாய் உங்கக்கா வீட்டுல எங்க போகுது?"

போன குளிர்காலத்தில் நகரத்து ஒவ்வாமை டாக்டரம்மா, ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது, பாலை மெல்லத் திரும்பக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். படிப்படியாகத்தான். முதல் படி மஃபின்: ஒரு கப் பால், ஆறு மஃபின், அடுப்பில் முழுசாக முப்பத்தைந்து நிமிஷம். மாவோடு கலந்து அவ்வளவு நேரம் வெந்த பாலை ப்ரின்னின் உடம்பு தாங்கலாம்; வேகாத பாலை ஒரு துளிகூடத் தாங்காது. ஆஸ்பத்திரியில் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துணுக்குத் துணுக்காக ஊட்டினார்கள். தாங்கினாள். இனி வீட்டில் தினம் ஒன்று, மாதக்கணக்கில். அப்புறம் பேன்கேக், அப்புறம் சீஸ், கடைசியில் பால். நடுவில் ஒருமுறை தப்பு நடந்தால் மறுபடி அடியிலிருந்து. அதற்குப் பிறகு பிள்ளை வாயைத் திறப்பாளா என்பதே சந்தேகம் என்று எச்சரித்தே அனுப்பினார்.

தப்பு எதுவும் நடக்காமலே அந்தச் சந்தேகம் பலித்தது. வீட்டில் முதல் மஃபினை விழுங்கவைக்கப் பத்தொன்பது நாள் ஆனது. "நீங்கதானப்பா இது விஷம்னு சொன்னீங்க" என்று தட்டைத் தள்ளினாள் ப்ரின். அவள் சொன்னதில் என்ன தப்பு? ரெனே குறிப்புத் தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி, தராசு வைத்து, மணி பார்த்துச் சுட்டாள். மரக்கட்டை மாதிரிதான் இருந்தது. தின்றாள்.

செய்தி பரவியதும் ஊர் ஒரே நாளில் கட்சி மாறியது. கொடுத்தால் பழகும் என்று நாங்கள் அன்றைக்கே சொல்லவில்லையா என்று பீர்க்கடையில் பெருமை பேசினார்கள். அந்த வருஷம் ஜூன் மாதத்துப் பண்ணை விருந்து ஹார்வியின் முறை. வட்டாரமே வந்து பால், சீஸ், ஐஸ்கிரீம் என்று தின்றுவிட்டுப் போகும். அதில் பிள்ளையை மேடையேற்றி எல்லோர் முன்னாலும் மஃபின் தின்னவைக்க வேண்டும் என்று ஹார்விக்கு ஆசை. மஃபினை நான்தான் சுடுவேன் என்றாள் கார்லா, தாளில் இருக்கிறபடி, ஒரு எழுத்து மாறாமல். ரெனே வேண்டாம் என்றாள். ஆர்லன் தாளைக் கொண்டுபோய் அக்காளிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

விருந்தன்று டிராக்டர் கொட்டகையில் எண்ணூறு பேர். கார்லா நீல ரிப்பன் கட்டிய தட்டோடு வந்தாள். ஹார்வி மைக்கைப் பிடித்து, நம்ம பாலு இதுவரைக்கும் யாரையும் கொன்னதில்ல என்று ஆரம்பித்தார். ப்ரின் ஒரு மஃபினைக் கையில் எடுத்து, வழக்கம்போல அப்பா முகத்தைப் பார்த்தாள்.

ஆர்லன் மஃபினைப் பார்த்தான். ரெனே சுடுகிறது காய்ந்த வயல் மாதிரி வெடித்திருக்கும். இது மினுமினுத்தது. மகளின் கையிலிருந்து அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனான். வெந்த மாவு வாசனைக்கு மேலே தனியாக நின்றது இன்னொன்று, இனிப்பாக, பச்சையாக.

"மேல என்னக்கா தடவியிருக்க?"

"ஒண்ணுமில்லடா, சுட்டு எடுத்ததும் வெண்ணெய் ஒரு இழுப்பு. தாள்ல இருக்கறபடி செஞ்சா மரத்தூள் மாதிரி இருக்கு. என் பேர் சொல்லி அதையா ஊர் முன்னால வைக்கறது?"

"எழுத்து மாறாமன்னு சொன்னியே."

"சுட்டது மாறலியே. வெண்ணெய் எப்படிடா பாலாகும்? பாலு வேற, வெண்ணெய் வேற. இது தெரியாமலா இத்தன வருஷம் லாரி ஓட்டற?"

கண்காட்சியில் வெண்ணெய்க்கு நாலு தடவை முதல் பரிசு வாங்கியவள் கேட்ட கேள்வி இது. அது எதிலிருந்து வருகிறது என்று பரிசு கொடுத்தவர்கள் கேட்கவில்லை போலிருக்கிறது. ஹார்வி மைக்கை அணைக்க மறந்திருந்தார். எண்ணூறு பேரும் கேட்டார்கள். வெண்ணெய் பாலா இல்லையா என்று பக்கத்தில் இருந்தவனிடம் விசாரித்தவர்களும் அதில் உண்டு.

ரெனே அதற்குள் ப்ரின்னின் விரல்களை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்துவிட்டிருந்தாள். ஆர்லன் மஃபினைத் தட்டில் திரும்ப வைத்தான்.

"இதை நான் ஏத்தல" என்றான்.

அந்தச் சொல்லின் அர்த்தம் அங்கே உட்கார்ந்திருந்த பண்ணைக்காரர் அத்தனை பேருக்கும் தெரியும்.

"மச்சான், இது தொட்டியில்ல, பலகாரம்" என்று ஹார்வி சிரிக்கப் பார்த்தார். கூடச் சிரிக்க யாரும் வரவில்லை. ஆர்லன் தட்டை ரிப்பனோடு தூக்கிக்கொண்டு போய்ச் சாணக் குட்டையில் கவிழ்த்தான். திரும்பி வரும் வழியில் பாலறைக் குழாயில் முழங்கைவரை கழுவிக்கொண்டான்.

ரெனே கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். நாத்தனாரை நம்பாமல் வீட்டிலிருந்தே கொண்டுவந்த மரக்கட்டை. ப்ரின் அதை வாயில் வைக்கவில்லை. எட்டி, அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஏத்தலாமாப்பா?"

அவன் அவசரப்படாமல் முகர்ந்தான். "ஏத்தலாம்."

துணுக்கு மிச்சமில்லாமல் தின்றாள். பத்தொன்பது நாள் கெஞ்சியும் வராத நம்பிக்கை அது. அன்றுமுதல் வீட்டிலும் அதுதான் வழக்கமானது: முதலில் மூக்கு, பிறகு வாய்.

கார்லா செப்டம்பர்வரை தம்பியோடு பேசவில்லை. செப்டம்பரில் ஆஸ்பத்திரியில் ப்ரின் பேன்கேக் படியைத் தாண்டினாள். ஆர்லன் குனிந்து முகர்ந்து தலையாட்டும்வரை டாக்டரம்மாவே காத்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் கார்லா சொல்லிக்கொண்டிருந்தாள், அன்றைக்குத் தன் வெண்ணெய் வாசனை பட்டதில்தான் பிள்ளைக்கு உடம்பு பழகியது என்று. நாலு பேர் ஆமாம் போட்டார்கள்.

ஆர்லன் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் காலை ஹார்வியின் தொட்டி மூடியைத் தூக்கி, வழக்கத்தைவிட வெகுநேரம் மூக்கை உள்ளேயே வைத்திருந்தான். பாலில் ஒரு குறையும் இல்லை; அது மூடியைத் தூக்கியபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஹார்வி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஆர்லன் இன்னொரு மூச்சு இழுத்தான்.