காளியப்பன் பெயரில் எழுதிய மாத்திரை

சரோஜா சிஸ்டர் நேற்றுக் காலையில் போய்விட்டார்...

மகள் கவிதா போனில் சொன்னபோது நான் ஒண்டிக்கடை முக்கில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மாவப் பத்தி ஃபேஸ்புக்ல நாலு வரி எழுதுங்க மாமா. எங்க ஊட்டுக்கு ஒரு வழி காட்டுனது நீங்கதானுங்களே" என்றாள்.

எழுதுகிறேன் கண்ணு. ஆனால் நீ எதிர்பார்க்கிற நாலு வரி இல்லை இது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நான் ரைட்டராக இருந்தேன். தினமும் ஆள் எண்ணிப் பேர் பதிகிற வேலை. சிஸ்டர் அங்கே டிஸ்பென்சரி நர்ஸ். ஒரே அறை, ஒரு கட்டில், ஒரு அலமாரி மருந்து.

செக்ரோல் என்று ஒரு நோட்டு உண்டு. அதில் பேர் இருந்தால் நிரந்தரத் தொழிலாளி. உடம்பு சரியில்லை என்றால் காலையில் என்னிடம் சீட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டும். சீட்டைப் பார்த்துத்தான் சிஸ்டர் மருந்து கொடுக்கலாம்.

பழம் பறிக்கிற சீசனுக்கு மட்டும் வருகிற பெண்களுக்குச் சீட்டு கிடையாது. அந்தக் குளிரில் அவர்களுக்குத்தான் முதலில் காய்ச்சல் வரும். ஆனாலும் ரூல் ரூல்தான். எனக்கு அதில் ஒரு திமிர் வேறு...

சிஸ்டர் யாரிடமும் சீட்டு கேட்கமாட்டார். ஒருநாள் டிஸ்பென்சரி வாசலில் நின்று சத்தம் போட்டேன். அவர் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க ரைட்டர் தம்பி, காய்ச்சல் என்ன செக்ரோல்ல பேரு பாத்துட்டா வருதுங்க?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. மனசில் வைத்துக்கொண்டேன்.

கொடுத்த மருந்துக்கு நோட்டில் ஒரு பேர் காட்டவேண்டுமே. நிரந்தர ஆட்கள் தங்கள் பேரைக் கொடுத்தார்கள். என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள் என்று அவர்களாகவே வந்து சொன்னார்களாம். தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடு முழுக்க இது தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

பிறகு ஒருநாள் மருந்து நோட்டைப் புரட்டினேன். அறுபதை நெருங்கிய காளியப்பன் பேரில், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை. அதுவும் மூன்று மாதமாக! அவசரத்தில் ஆணா பெண்ணா என்றுகூடப் பார்க்காமல் எழுதியிருக்கிறார்.

சிரித்துவிட்டு நோட்டை மூடியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

நான் மேனேஜருக்கு எழுதினேன். மருந்தை வெளியே விற்பதாகச் சந்தேகம் என்று எழுதினேன். விற்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்... தெரிந்துதான் எழுதினேன்.

ஒரே வாரத்தில் சிஸ்டருக்கு வேலை போனது. ஆடிட்டர் கண்டுபிடித்துவிட்டார் என்று எஸ்டேட்டில் பேச்சு. நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த மாத்திரையைச் சாப்பிட்டது முத்தம்மா. கீழே ஊரிலிருந்து சீசனுக்கு வந்த பெண். ஏழு மாதம். சிஸ்டர் போன பத்தாம் நாள் அவளுக்கு ரத்தப்போக்கு.

அவள் புருஷன் ஓடிவந்து எஸ்டேட் ஜீப் கேட்டான். செக்ரோலில் பேர் இல்லாதவர்களுக்கு ஜீப் கிடையாது என்று நான்தான் சொன்னேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அப்போதும் அதையேதான் சொன்னேன்.

மத்தியான பஸ் வரும்வரை ரோட்டில் உட்கார்ந்திருந்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முத்தம்மா பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிழைக்கவில்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போலப் பேர் கூப்பிட்டேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அது உறுத்தித்தான் கவிதா, டவுனில் தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் சொல்லி உன் அம்மாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். அதைத்தான் இத்தனை வருஷமாக உதவி என்கிறீர்கள். பொங்கலுக்குப் பொங்கல் என் வீட்டுக்குக் கரும்பு கொடுத்தனுப்புகிறீர்கள். வெட்கமே இல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் அவர் படுத்த படுக்கையாக இருந்தபோது, சொல்லிவிடவேண்டும் என்றுதான் வந்தேன். "சிஸ்டர், அந்த ஆடிட்டர் விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"உடுங்க தம்பி. பாவம், அவரு வேலைய அவரு செஞ்சாரு. தப்பா எழுதுனது நாந்தானுங்களே" என்றார்.

அப்புறம் பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேனா என்று கேட்டார். படுத்தபடியே என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். நொம்ப வேகமாக ஓடுது, கொஞ்ச நேரம் உட்காருங்க என்றார்.

நான் உட்காரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ஆடிட்டர் அந்த நோட்டைத் தொடவே இல்லை சிஸ்டர். நான்தான்.

கவிதா, பதினாறாம் நாள் காரியத்தை முன்னால் நின்று நடத்தித் தரச் சொன்னாய். இதைப் படித்துவிட்டுச் சொல். வரவேண்டாம் என்றால் வரமாட்டேன்.

போய் வாருங்கள் சிஸ்டர்...